மோட்டாரை யார் நிறுத்துவது?

செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும், விடிகாலையில் ஏதாவது ஒரு மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோன வீடு. "சார், டேங்க் வழியுது!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும். உள்ளேயிருந்து யாராவது ஓடிவந்து சுவிட்சைத் தட்டுவார்கள். முப்பது வயதுக்காரரும் மறப்பார், அதில் ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருடமாக அந்த வேலையைப் பிசகாமல் பார்த்துவந்த எழுபது வயதுக்காரர் இப்போது வாரத்தில் பாதி நாள் டேங்கை வழியவிடுகிறார், சொன்ன கதையையே சாப்பிட்டு எழுவதற்குள் இன்னொரு முறை சொல்கிறார் என்றால்? "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமா?

வயதின் சாதாரண மறதிக்கும் டிமென்ஷியா என்கிற மறதிநோய்க்கும் நடுவில் இருக்கும் இந்த நிலைக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு என்று பெயர். டாக்டர் சீட்டில் எம்.சி.ஐ. என்று மூன்றெழுத்தாக இருக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் குழு 1999இல் வகுத்த அடையாளங்கள்தான் சில மாற்றங்களோடு இன்றும் புழங்குகின்றன. மறதி கூடியிருப்பதை அவரோ வீட்டாரோ உணர்ந்திருக்க வேண்டும். சோதித்துப் பார்த்தால், அவர் வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக வர வேண்டும். அன்றாட வாழ்க்கை மட்டும் பெரிதாகக் குலையாமல் இருக்க வேண்டும். அதுவும் குலைந்துவிட்டால் டிமென்ஷியா.

எம்.சி.ஐ. என்று சொன்னவுடன் வீடே இடிந்துபோய் உட்கார வேண்டியதில்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 60 முதல் 64 வயதுக்காரர்களில் 6.7 சதவீதம் பேருக்கும், 80 முதல் 84 வயதுக்காரர்களில் 25 சதவீதம் பேருக்கும் இந்த நிலை இருக்கிறது. 65 வயதைத் தாண்டிய எம்.சி.ஐ. உள்ளவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தால், நூற்றுக்குப் பதினைந்து பேர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள். மற்றவர்களில் பலர் இருந்த இடத்திலேயே நிற்கிறார்கள். கணிசமான பேர் பழைய நிலைக்குத் திரும்பியும் விடுகிறார்கள். திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது: 14 சதவீதம் என்கிறது ஒன்று, 55 என்கிறது இன்னொன்று. திரும்புவதற்குக் காரணம் சில சமயம் மிகச் சாதாரணமானது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, வருடக்கணக்கில் விழுங்கிவரும் தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கும். அதனால்தான் மூளையைப் பார்ப்பதற்கு முன்னால் டாக்டர் ரத்தத்தைப் பார்க்கிறார்.

அந்த மூன்றாவது அடையாளத்தில், அதாவது அன்றாட வாழ்க்கை குலையவில்லை என்பதில், நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. குலைந்ததா இல்லையா என்று யார் சொல்வது? வீட்டார்தான் சொல்ல வேண்டும். வீட்டாரோ அதைக் கவனிப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

இது என் ஊகம் மட்டுமல்ல. உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லையே என்ற ஆதங்கத்தில் 1998இல் கொச்சியில் கூடிய விஞ்ஞானிகள், அந்த இரண்டு எண்களையே பெயராக வைத்து 10/66 என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் ஆய்வு செய்த இடங்களில் சென்னை நகரமும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. 2008இல் லான்செட் இதழில் வந்த முடிவு வேடிக்கையானது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டு வரையறையைக் கொண்டு அளந்தால் இந்தியக் கிராமத்தில் முதியவர்களிடையே டிமென்ஷியா 0.3 சதவீதம்தான்; கியூபாவில் 6.3. நம் கிராமத்துப் பாட்டிகள் அவ்வளவு கெட்டியா? குழு தானே உருவாக்கிய அளவுகோலால் அளந்தபோது ஆய்விடங்கள் எல்லாமே 5.6 முதல் 11.7 சதவீதத்துக்குள் வந்து நின்றன. கையேட்டு வரையறைக்கு, வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக வீட்டார் வாயால் சொல்ல வேண்டும். வீட்டார் சொல்லவில்லை. சமைத்துப் போட மருமகளும், கடைக்குப் போகப் பேரனும், பணத்தைப் பார்த்துக்கொள்ள மகனும் இருக்கும் வீட்டில் பாட்டிக்கு என்ன குறை என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும்.

இந்த அன்பான ஏற்பாடுதான், நான் இங்கே சொல்லவரும் சிகிச்சைக்கு நேர் எதிரி. அறிவாற்றல் மறுவாழ்வுப் பயிற்சி என்பது, கைநழுவிக்கொண்டிருக்கும் வேலைகளில் எது வேண்டும் என்று அவரிடமே கேட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப அவர் கையில் கொடுப்பது.

இதோடு இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். முதலாவது மூளைப் பயிற்சி: சுடோகு, குறுக்கெழுத்து, செல்போனில் விளையாடும் ஞாபகசக்தி ஆட்டங்கள். பயிற்சி செய்யும் ஆட்டத்தில் தேர்ச்சி வரும் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் 2,800க்கும் அதிகமான முதியவர்களை வைத்து நடந்த ஆக்டிவ் என்ற பெரிய ஆய்வு 2002இல் காட்டியதும் அதைத்தான்: நினைவுப் பயிற்சி பெற்றவர்களுக்கு நினைவுச் சோதனையிலும், யோசனைப் பயிற்சி பெற்றவர்களுக்கு யோசனைச் சோதனையிலும் முன்னேற்றம் வந்தது, ஒன்றிலிருந்து மற்றதற்கு அது தாவவில்லை. சுடோகுவில் புலியானவர் மோட்டாரை நிறுத்துவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. போதிய ஆதாரமில்லாமல், மறதிநோயைத் தள்ளிப்போடுவோம் என்று விளம்பரம் செய்ததற்காக லூமோசிட்டி என்ற மூளை ஆட்ட நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. நம் ஊரிலும் "மெமரி பூஸ்ட்" என்று போனில் வரும் ஆப்களுக்குச் சந்தா கட்டும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை. ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரு வழிகாட்டியோடு, பழைய பண்டிகை, சாப்பாடு, பாட்டு, இன்றைய செய்தி என்று பேசுவது, விளையாடுவது. எமீ ஸ்பெக்டர் குழு 2003இல் இங்கிலாந்தில் 201 பேரிடம் நடத்திய ஆய்வில் ஏழு வாரம், வாரம் இரண்டு முறை, தலா 45 நிமிடம் செய்ததற்கே நினைவுத்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிந்தது. இது டிமென்ஷியா லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கானது. இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மறதிநோய்ப் பிரிவு, இந்தச் சிகிச்சையைத் தமிழ் முதியவர்களுக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்த்தது. பிறகு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் தலைமையில் பிரேசில், இந்தியா, டான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த திட்டத்தில் இந்தியாவின் இடம் சென்னைதான். இங்கிலாந்துக்காரர் பழைய பப் பாட்டைப் பேசும் இடத்தில் நம்மவர் எதைப் பேசுவார் என்று யோசித்து மாற்றுவது சில்லறை வேலையல்ல. பாதி சிகிச்சையே அதில்தான் இருக்கிறது.

மறுவாழ்வுப் பயிற்சியின் வேர் வேறு இடத்தில். இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட சோவியத் சிப்பாய்களை யூரல் மலைப் பக்கத்து மருத்துவமனையில் வைத்துப் பார்த்தவர் அலெக்சாந்தர் லூரியா. செத்த மூளைப்பகுதியை உயிர்ப்பிக்க முடியாது, ஆனால் அது செய்த வேலையை மிச்சமிருக்கும் பகுதிகளைக் கொண்டு வேறு வழியில் செய்யவைக்கலாம் என்பது அவர் கண்ட பாதை. அதை முதுமை மறதிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த லிண்டா கிளேர்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். மறைமலை நகர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெயர் வேண்டாம், மாமா என்போம். மருமகள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். டேங்க் மூன்று நாள் வழிந்த பிறகு அவள் சொன்னது: "நீங்க விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு மோட்டார் அவர் பொறுப்பிலிருந்து போயிற்று. அடுத்து கரண்ட் பில், அதற்கடுத்து பேங்க்.

பயிற்சியாளர் முதலில் கேட்பது, எது திரும்ப வேண்டும் என்று. மாமா மோட்டார் என்கிறார். "ஞாபகசக்தி கூட வேண்டும்" என்பதெல்லாம் இலக்கு ஆகாது. "வாரத்தில் ஆறு நாளாவது டேங்க் வழியாமல் நானே நிறுத்த வேண்டும்" என்பது இலக்கு. இப்போது அதைச் செய்வதில் தனக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அவரே போட வேண்டும். மூன்று என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகளும் தனியாக ஒரு மார்க் போடுகிறாள். அது ஒன்றாகவும் இருக்கலாம்.

பிறகு வேலையைப் பிரித்துப் பார்ப்பது. சுவிட்சைப் போடுவதில் தவறில்லை, நேரம் கணிப்பதிலும் தவறில்லை. போட்டுவிட்டுப் பேப்பர் வாங்க வெளியே போகிறார். போன இடத்தில் பேச்சு. இங்கே தவறுவது நடந்ததை நினைவில் வைக்கும் திறன் இல்லை; இனிமேல் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் திறன். எம்.சி.ஐ.யில் அடிக்கடி அடிபடுவது இதுதான். அதைத் தலைக்குள் சரிசெய்ய முயல்வதைவிட, தலைக்கு வெளியே ஒரு நினைவூட்டலை வைப்பது மேல். வாசல் கேட்டின் சாவியை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தால், வெளியே கிளம்பும்போது கண் சுவிட்சில் பட்டே தீரும். கூடவே அலறுகிற ஒரு டைமர்.

மின்சாதனக் கடையில் தண்ணீர் நிரம்பினால் தானே நின்றுவிடும் கன்ட்ரோலர் கிடைக்கிறதே, வாங்கி மாட்டினால் வேலை முடிந்ததே என்று கேட்கலாம். தண்ணீர்ப் பிரச்சினை தீரும். ஆனால் மாமா கேட்டது அதுவல்ல. சில வீடுகளில் கன்ட்ரோலர்தான் சரியான வழி என்பதையும் மறுக்கவில்லை. எதைக் கருவியிடம் கொடுப்பது, எதை ஆளிடம் வைப்பது என்று முடிவெடுப்பதிலும் அவருக்குக் குரல் இருக்க வேண்டும் என்பதே விஷயம்.

டைமர் வைக்கவும் மறப்பாரே? அதற்குத்தான் இடைவெளி விட்டு நினைவுகூரும் பயிற்சி. "மோட்டார் போட்டதும் என்ன செய்யணும்?" "டைமர் வைக்கணும்." அரை நிமிடம் கழித்து அதே கேள்வி. பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. நடுவில் வேறு பேச்சு பேசிக்கொண்டிருக்கலாம். பதில் தடுமாறினால் "யோசிங்க, யோசிங்க" என்று நெருக்கக் கூடாது. உடனே சரியான பதிலைச் சொல்லி, அவரையும் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். வாயால் சொல்வதோடு நிற்காமல், எழுந்துபோய் டைமரைத் திருகவும் வேண்டும்.

ஏன் நெருக்கக் கூடாது என்பதற்குப் பின்னால் அழகான அறிவியல் இருக்கிறது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. நடந்ததை நினைவு வைக்கும் ஏற்பாடும், பழக்கத்தை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடும் மூளையில் வேறு வேறு என்பது அதிலிருந்து உறுதிப்பட்டது. மறதியில் முதலில் தேய்வது முதலாவது. இரண்டாவது ஓரளவு தாக்குப்பிடிக்கும். அந்த இரண்டாவதற்கோ சரி தப்பு பார்க்கத் தெரியாது. "நேற்று இப்படிச் செய்து தப்பாகப் போனது" என்று எடுத்துச்சொல்ல முதலாவது இருந்தால்தான் தவறிலிருந்து பாடம் கற்க முடியும். அது மங்கியவர், தப்பாகச் செய்தால் அந்தத் தப்பையே பழகிக்கொள்வார். ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் நினைவிழந்தவர்களிடம் இதைச் சோதித்து, ஆரம்பத்திலிருந்தே தவறு நேராமல் கற்பித்தால் அவர்கள் மேலாகக் கற்கிறார்கள் என்று காட்டினார்கள். நம் பள்ளிக்கூடத்துப் பழக்கம், தடுமாறவிட்டுத் திருத்துவது. வீட்டுப் பெரியவர்களிடமும் அதையே காட்டுகிறோம்: "இப்பத்தானே சொன்னேன்?"

சமையலறைக்கும் இதே கணக்குதான். குழம்பில் உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டாவது முறை போட்டுவிடும் அத்தையிடமிருந்து கரண்டியைப் பிடுங்க வேண்டாம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அன்றைய உப்பை அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, உப்பு ஜாடியை உள்ளே வைத்துவிட்டால் போதும். கிண்ணம் காலி என்றால் உப்புப் போட்டாயிற்று.

இவ்வளவுக்கும் என்ன ஆதாரம்? லிண்டா கிளேர் தலைமையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆரம்பகட்ட டிமென்ஷியா உள்ள 475 பேரிடம் நடந்த கிரேட் என்ற ஆய்வு 2019இல் வெளியானது. வீட்டுக்கே வந்து மூன்று மாதத்தில் பத்து முறை பயிற்சி, அடுத்த ஆறு மாதத்தில் நான்கு முறை. தேர்ந்தெடுத்த வேலைகளில் தெளிவான முன்னேற்றம் வந்தது, ஒன்பதாவது மாதத்திலும் அது நிலைத்தது. வீட்டாரும் தனியாக அதையே சொன்னார்கள். ஆனால் நினைவுச் சோதனை மதிப்பெண் கூடவில்லை, மனநிலையிலும் பெரிய மாற்றமில்லை. மோட்டார் பழகியவருக்கு மோட்டார் வரும். பேரன் பெயர் தானாக வந்துவிடாது. டிமென்ஷியா வராமல் இது தடுக்கும் என்று யாரும் நிரூபிக்கவுமில்லை. எம்.சி.ஐ.க்கென்று தனியாக நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முறைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. இருந்தும் எனக்கு இதில் நம்பிக்கை வருவதற்குக் காரணம், இது வாக்களிப்பது கொஞ்சம், வாக்களித்ததைச் செய்கிறது. மருந்தின் கதை வேறு. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் லெக்கனமாப் ஊசிமருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை ஏற்ற வேண்டும், மூளைக்குள் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பலனோ தேய்வை ஓரளவு மெதுவாக்குவது மட்டும்.

பயிற்சியைத் தாங்கிப்பிடிக்க உடம்பும் வேண்டும். கிர்க் எரிக்சன் குழு 2011இல் 120 முதியவர்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடக்கவைத்தது. ஒரு வருடத்தில் அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் இரண்டு சதவீதம் பெரிதாகியிருந்தது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இதே பலன் வந்துவிடவில்லை என்றாலும், வாரம் இரண்டு முறை உடற்பயிற்சி என்பது எம்.சி.ஐ.க்கான 2018 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில்காரர்களுக்கு இதற்குப் பார்க் தேட வேண்டியதில்லை. ஊர்க் கோவிலின் பாடலாத்ரி நரசிம்மர் மலையிலேயே குடைந்த மூலவர். அவரைச் சுற்ற வேண்டுமென்றால் மலையைத்தான் சுற்ற வேண்டும்.

ரத்த அழுத்தமும் முக்கியம். சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அளவை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு எம்.சி.ஐ. 19 சதவீதம் குறைவாக வந்தது என்று 2019இல் தெரிந்தது. எந்த அளவு யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண்ணிடம் மறதி பற்றிக் கேட்க இரண்டு கேள்விகளையும் கொடுத்தனுப்பினால் என்ன என்பது என் நீண்டநாள் யோசனை.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 977 பேரிடம் நடந்த அச்சீவ் ஆய்வு 2023இல் வந்தது. காது மெஷின் கொடுத்ததால் மொத்தத்தில் வித்தியாசமில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினருக்கு மூன்று வருடத்தில் அறிவாற்றல் தேய்வு 48 சதவீதம் மெதுவானது. காதில் விழாததை மறந்துவிட்டார் என்று வீட்டில் எண்ணிக்கொள்வதும் நடக்கிறது.

எங்கே போவது? மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எதிர்த்திசையில் அதே ரயில் கிண்டிக்குப் போகும். 2024 பிப்ரவரியில் அங்கே முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். பரிசோதனையும் மருந்தும் கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்து மோட்டார் சுவிட்சைப் பார்த்து யோசிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைப்பதுதான் கடினம். கிடைக்கும்வரை மேலே சொன்னதில் பாதியை வீட்டாரே செய்யலாம். பொறுமையும், மார்க் எழுதிவைக்க ஒரு நோட்டும் வேண்டும்.

எல்லா வேலையையும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. போனில் பணம் அனுப்புவதில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கணக்கில் கொஞ்சம் பணம் மட்டும் வைத்து அதை அவரிடம் விடுவது நடுவழி. பெரிய தகராறு டூவீலரில்தான் வரும். ஒரகடம் லாரிகள் திரும்பும் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் வண்டி ஓட்ட, கண், காது, கால், முடிவெடுக்கும் வேகம் நான்கும் ஒன்றாக ஒத்துழைக்க வேண்டும். எம்.சி.ஐ. என்ற மூன்றெழுத்தை மட்டும் வைத்துச் சாவியை வாங்குவதும் தப்பு, பாவம் என்று விட்டுவைப்பதும் தப்பு. வழி தவறினாரா, பிரேக் தாமதமாகிறதா, புதிதாக வண்டியில் கீறல்கள் தெரிகின்றனவா என்று பார்த்து டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். நிறுத்தத்தான் வேண்டும் என்று ஆனால், வண்டி எதற்காக என்று மாமாவிடம் கேட்க வேண்டும். காய்கறி வாங்கப் போவதற்கு என்றால், ஷேர் ஆட்டோவில் ஏறி, தானே பேரம் பேசி, தானே பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும். முதல் சில நாள் பேரன் கூடப் போகலாம், பேசாமல், இரண்டடி பின்னால்.